கப்பலில் மாடு ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

பாலில் தன்னிறைவு என்ற பேச்சு ஒவ்வொரு அரசாங்கத்துடனும் திரும்பி வருகிறது. வெளிநாட்டிலிருந்து மாடுகளை இறக்குமதி செய்யும் யோசனையும் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. அது மீண்டும் ஓர் அமைச்சரவைப் பத்திரமாக மாறுவதற்குள் கடந்த முறை நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

அவுஸ்திரேலியாவின் வெலார்ட் நிறுவனத்தின் ஊடாக, அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்து 20,000 கறவை மாடுகளைக் கொண்டுவருவதே திட்டம். முதற்கட்டமாக 5,000 சினைப்பட்ட கிடேரிகள் 2017இல் வந்திறங்கத் தொடங்கின. பண்ணையாளர்கள் பலர் கடன்பட்டு அவற்றை வாங்கினார்கள். மாடுகள் நோயுற்றன, பல இறந்தன, எதிர்பார்த்த அளவு பாலும் கிடைக்கவில்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை திட்டத்தைக் கேள்விக்குட்படுத்தியது. 2019இல் இந்த விவகாரம் அவுஸ்திரேலிய ஊடகங்களிலும் வெளிவந்தது. மாடுகளே நோயுடன் வந்தன என்றனர் பண்ணையாளர்கள். பராமரிப்பில்தான் குறை என்றது நிறுவனம்.

அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கேள்வி. ஒரு மாடு இவ்வளவு பால் தரும் என்ற எதிர்பார்ப்பு எந்த நிலைமைகளை வைத்துக் கணிக்கப்பட்டது?

மாடுகளை ஏற்றுமதி செய்யும் அதே அவுஸ்திரேலியாவில் இறைச்சி மாடுகளை அடைத்து வைத்துத் தானியத் தீவனம் கொடுத்துக் கொழுக்க வைக்கும் பெரும் தொழுவங்கள் உண்டு. பீட்லொட் என்பார்கள். தீவனச் செலவு அங்கு பெரிய செலவுகளில் ஒன்று. ஆகவே புதிய தீவனத்தை ஆயிரக்கணக்கான மாடுகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன், கணினியில் உருவாக்கிய உருவகத் தரவில் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். உண்மையான பண்ணைப் பதிவுகளிலிருந்து சராசரியும் ஏற்ற இறக்கமும் எடுக்கப்படும். அவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான கற்பனை மாடுகளைக் கணினி உருவாக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆரம்ப எடை, ஒரு தீவன அளவு, ஒரு நாள் வளர்ச்சி இருக்கும். தீவன விலையையோ வெப்பத்தையோ மாற்றினால் எத்தனை மாடுகள் இலாபத்தில் நிற்கும், எத்தனை நட்டத்தில் விழும் என்று பார்க்கலாம்.

இந்த முறையின் பலம், சராசரிக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் காட்டுவது. அதன் பலவீனம், நாம் போட்டதை மட்டுமே திருப்பித் தருவது. நோயைப் போடாவிட்டால் கற்பனை மாடு நோயுறாது. தீவனத்தையும் நோயையும் வளர்ச்சியையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எண்களாகப் போட்டாலும் பிழைதான். நிஜத்தில் நோயுற்ற மாடு குறைவாகத் தின்னும், குறைவாக வளரும், மருந்துச் செலவும் வைக்கும். இழப்புகள் சேர்ந்தே வருகின்றன.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கக் கடதாசியும் பேனாவும் போதும். அம்பிட்டியவிலும் ஹந்தானை மலைச்சரிவுகளிலும் ஒன்றிரண்டு மாடு வளர்ப்பவர்களுக்குப் பெரிய மேய்ச்சல் நிலம் கிடையாது. வீதியோரத்திலும் தேயிலை ஓரங்களிலும் கினிப்புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். 450 கிலோ எடையுள்ள கறவை மாடு ஒன்று நாளொன்றுக்குத் தன் எடையில் 3 சதவீதம், அதாவது 13.5 கிலோ உலர்பொருள் உண்ணும் என்று வைத்துக்கொள்வோம். புல்லில் உலர்பொருள் 25 சதவீதம் என்றால் 54 கிலோ பச்சைப்புல் வேண்டும். மழைக்காலத்தில் புல்லில் நீர் கூடி அது 15 சதவீதமானால் 90 கிலோ வேண்டும். அதே மாடுதான், மாறியது பருவம் மட்டும். 300 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டுக்கு இதே கணக்கில் 36 முதல் 60 கிலோ வரை போதும்.

90 கிலோ புல்லை யார் சுமப்பது? முடியாது என்றால் புண்ணாக்கும் மாட்டுத்தீவனமும் வாங்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் அவற்றின் விலை எங்கே போனது என்பது மாடு வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். திட்ட அறிக்கையில் ஒரு சராசரி எண்ணாக இருப்பது, மழைக்கால அதிகாலையில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலைச்சுமையாகிறது.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் செய்யக்கூடியவர்கள் கண்டியிலேயே இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம், கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் எல்லாம் அம்பிட்டியவிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்துக்குள்தான். ஆனால் நல்ல உருவகத் தரவுக்கு முதலில் நல்ல நிஜத் தரவு வேண்டும். அரச பண்ணைகளின் பதிவேடுகளோடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு கட்டியிருப்பவரின் பால் அளவும் புல் அளவும் நோய்ச் செலவும் அதில் சேர வேண்டும். சேராவிட்டால் கணினி காட்டுவது அவருடைய மாடாக இருக்காது.

ஆகவே இனி எந்த இறக்குமதித் திட்டம் வந்தாலும், அதன் விலையோடு அதன் அனுமானங்களையும் அரசாங்கம் வெளியிட வேண்டும். என்ன தீவனம், என்ன வெப்பநிலை, எத்தனை சதவீத இறப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்? தீவன விலை இரட்டிப்பானால் எத்தனை பண்ணையாளர்கள் கடனைக் கட்ட முடியாமல் போவார்கள்? கணினிக்குள் ஆயிரம் மாடுகள் செத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. கடன் வாங்கிய ஒருவரின் தொழுவத்தில் ஒரு மாடு செத்தால், மாடு போன பிறகும் தவணை வந்துகொண்டே இருக்கும்.