குழந்தையின் கையும் எழுத்தும்

முல்லையாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவருக்கு நாற்றங்காலின் நியாயத்தை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பருவம் வருமுன் பறித்து நட்ட நாற்று நிமிராது. நெற்பயிர் விஷயத்தில் இதனை ஒருபோதும் மறவாத நம்மவர், தம் மக்கள் விஷயத்தில் மட்டும் மறந்துவிடுவது விந்தையே. தேனியிலும் போடியிலும் சின்னமனூரிலும் கூடலூரிலும் மட்டுமன்று, தமிழ்நாடெங்குமே மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்ஸிலைத் திணித்து, பக்கம் பக்கமாக 'அ' எழுதச் சொல்லும் வழக்கம் வேரூன்றி வருகிறது. மாலையில் தந்தையார் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, எழுதிய பக்கங்களை எண்ணிப் பார்த்து, பள்ளிக்கூடத்தின் தரத்தை நிர்ணயிக்கிறார். குழந்தையின் கையை எண்ணிப் பார்ப்பாரில்லை.

கை என்பது பிறக்கும்போதே முற்றுப்பெற்ற கருவியன்று. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது குருத்தாக இருக்கும் அவை ஒவ்வொன்றாக எலும்பாகி முடிய ஏறக்குறையப் பத்து வருஷமாகிறது. அசைவை ஆளும் வல்லமையும் அவ்வாறே தோளிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், கடைசியாக விரல் நுனிக்கும் படிப்படியாக இறங்கி வருகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை பென்ஸிலை முஷ்டியால் பற்றும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் பற்றி, விரல்களையே அசைத்து எழுதும் பக்குவம் பெரும்பாலும் நாலரை வயது முதல் ஆறு வயதுக்குள்தான் கைகூடுகிறது. மூன்று வயதில் வட்டத்தையும், நான்கில் கூட்டல் குறியையும், ஐந்தையொட்டி முக்கோணத்தையும் பார்த்து வரைய இயலும். முக்கோணமே வரைய மாட்டாத கைக்கு, சுழியும் வளைவும் படுக்கைக் கோடும் நிலைக்கோடும் ஒருங்கே அமைந்த 'அ'கரத்தை முதற்பாடமாக இடுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? நேர்க்கோடுகளாலான 'ட', 'ப' என்னும் எழுத்துக்களில் தொடங்கினாலும் பாரம் பாதியாகக் குறையுமே!

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாணாக்கன் முதலில் தொட்டது ஓலையுமன்று, எழுத்தாணியுமன்று, மணலையே. மணலைப் பரப்பி விரலால் எழுதி எழுதி, கை பழகிய பின்னரே எழுத்தாணி பிடித்தான். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். 1797ஆம் வருஷம் லண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் ஏழைச் சிறுவர்கள் மணற்பலகையில் எழுதக் கற்றார்கள். பிறர் நம்மிடம் கற்றுப் போற்றியதை நாம் குப்பையில் எறிந்தோம்!

மகாத்மா காந்தி தமது சுயசரிதையில், தம் கையெழுத்து நன்றாக அமையாததற்கு மனம் வருந்தி, குழந்தைகளுக்கு எழுத்துக்கு முன் சித்திரம் வரையக் கற்பிக்க வேண்டுமென்று அபிப்பிராயம் தெரிவித்திருக்கிறார். 1937ஆம் வருஷம் வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டமும் கையின் வழியே அறிவை வளர்ப்பதேயாகும். 1907இல் ரோமாபுரியில் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவச் செய்து, எழுதுமுன்பே கையை எழுத்துக்குப் பழக்கினார். 1939இல் சென்னைக்கு வந்த அவ்வம்மையார், யுத்த காலத்தில் சில வருஷங்கள் கொடைக்கானலில் வசித்தார். பெரியகுளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகின்ற மலைதான் அது. அம்மலையின் அடிவாரத்திலுள்ள நமக்கு அவருடைய உபதேசம் எட்டவில்லை போலும்!

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமென எவரும் சாக்குச் சொல்ல இயலாது. ஆற்று மணலும் களிமண்ணும் நம்மிடம் உண்டு. பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் எந்த வீட்டில் இல்லை? மொச்சை உரித்தல், இலவம் பஞ்சிலிருந்து விதை நீக்குதல், பூத்தொடுத்தல், தட்டாங்கல், கோலி, பம்பரம் ஆகிய யாவும் விரலுக்கு வலிமை தருவன. கோலமாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கிள்ளிப் பிடித்து இழையாக விடுகிறாளே சிறுமி, பென்ஸில் பிடிப்பதற்கு அதனினும் சிறந்த பயிற்சி யாது? ஆண்பிள்ளை கோலமிடலாகாது என்று விலக்கிவைக்கும் வீட்டார், அவனுடைய கையெழுத்து கோணுவதைப் பற்றிப் பின்னர்க் குறைகூறுவது பொருந்தாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். சின்ன விரல்களே விரைவாக இயங்கும் என்ற போலி நியாயத்தால், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலில் எத்தனையோ குழந்தைகளின் பள்ளிப் பருவம் பறிபோயிற்று. அதனைத் தடுக்க 1986இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆகையால் நாம் கூறுவது விளையாட்டையேயன்றி வேலையையன்று. ஏலக்காய் பொறுக்கும் இடத்திற் குழந்தையைக் கூலிக்கு உட்காரவைத்து, அதற்குக் கைப்பயிற்சி என்று பெயரிட வருவாரை முதலில் எதிர்ப்பவர் நாமாகவே இருப்போம். குழந்தையின் கை குழந்தைக்கே உரியது.

"அண்டைவீட்டுப் பிள்ளை எழுதுகிறானே, என் பிள்ளை பின்தங்கிவிடுவானே" என்பது பெற்றோரின் அச்சம். தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே, எட்டு வயதுக்குள் எழுதப் படிக்க வந்தாற் போதும் என்கிறது. எட்டு வயது வரை தவணையிருக்க, மூன்று வயதில் ஜப்தி செய்வானேன்? மேலும், விரல் வலிக்க எழுதிய குழந்தைக்கு எழுத்து வருகிறதோ இல்லையோ, எழுத்தின்மீது வெறுப்பு நிச்சயமாக வருகிறது. முதன்முதலில் படிக்கச் செல்லும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அவ்வெறுப்பு நேருமாயின், அவள் குடும்பம் பல தலைமுறையாகக் காத்திருந்த கல்வி வாசற்படியிலேயே நின்றுவிடும். வசதியுள்ள வீட்டில் அக்குறையைத் தனி உபாத்தியாயர் வைத்துத் தீர்ப்பர். அவளுக்கு யார் இருக்கின்றனர்?

பொது வாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று. அதே தினத்தில் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. சாலையும் சாக்கடையும் பேசப்படும் அச்சபையில், 'நமது அங்கன்வாடியில் மணற்றட்டு உண்டா, களிமண் உண்டா, குழந்தை குந்தி விளையாட நிழல் உண்டா?' என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற்றோர், ஐந்து வயது நிரம்புமுன் நோட்டுப் புத்தகம் வேண்டாமென உபாத்தியாயருக்குத் துணைநின்று பெற்றோரிடம் எடுத்துரைக்கட்டும். நாட்டை ஆளப்போகும் கைகள் இவையே. அவற்றிற் பேனா ஏறுமுன் சிறிது மண் ஒட்டட்டும்.