முதல் குறிப்பிலேயே

சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குக் காரில் ஏறினோம். சிகாகோவுக்கு மேற்கே தங்கை குடியிருக்கும் புறநகரில் இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. தங்கை மகள் பின் சீட்டில் ஒரு பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுருட்டிவைத்த ஒயர்கள், எட்டுப் பொத்தான்கள், நடுவில் விளக்குகள் பதித்த ஒரு சின்னக் கருவி.

"பஸ்ஸர் செட் எடுத்துட்டுப் போனா ஃபீஸ்ல குறைப்பாங்க பெரியம்மா. ஸ்கோர் எழுத ஒரு ஆள் கூட்டிட்டுப் போனா இன்னும் கொஞ்சம் குறைப்பாங்க" என்றாள்.

அந்த ஆள் நான்தான். விளையாட்டின் பெயர் குவிஸ் பௌல். இல்லினாயில் 'ஸ்காலஸ்டிக் பௌல்' என்றுதான் சொல்கிறார்கள். அன்று மாலை வரை ஒரு வகுப்பறையின் மூலையில் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் எண்களை எழுதினேன். திரும்பி வரும்போது, கேள்வி கேட்பது என்றால் என்ன என்று இத்தனை வருடங்களாக நான் சரியாக யோசித்ததே இல்லை என்று பட்டது.

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட வினாடி வினாவில் கேள்வி ஒரு வரிதான். இதற்குத் தலைநகர் எது, அதைக் கண்டுபிடித்தவர் யார். நாலு பேருக்கும் விடை தெரியும், எவன் கை வேகமோ அவனுக்குப் பரிசு. இங்கே கேள்வி ஆறேழு வரி நீளம். எதிரெதிரே போட்ட மேசைகளில் பக்கத்துக்கு நாலு பேர், ஆளுக்கொரு பொத்தான். வாசிப்பவர் நிறுத்தாமல் வாசிக்கிறார். எந்தச் சொல்லில் வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தியவரின் விளக்கு எரிந்ததும் மற்ற பொத்தான்கள் எல்லாம் செத்துவிடும். வாசிப்பு அந்த இடத்திலேயே நிற்கும், சில நொடிகளுக்குள் விடை வந்தாக வேண்டும்.

அந்த ஆறேழு வரியின் கட்டுமானத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வரியில் அந்தப் பொருளில் ஊறியவருக்கு மட்டுமே பிடிபடும் குறிப்பு. அடுத்ததில் அதைவிடச் சற்று எளிது. கடைசி வரி பெரும்பாலோருக்குத் தெரிந்தது. பிரமிடு கேள்வி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு நம் கோபுரம் நினைவுக்கு வந்தது. கலசத்தருகே ஒருவர் இருவருக்குத்தான் இடம், அடியில் வாசலில் ஊரே நிற்கலாம்.

விளங்குவதற்காக நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"நியூட்டனின் பிரின்சிப்பியாவைப் பொது வாசகருக்கு விளக்கி இவர் எழுதிய நூல், இவர் மறைந்த 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. விஸ்கான்சினின் யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து சிகாகோவுக்குக் காரோட்டி வந்து இவர் நடத்திய வகுப்பில் படித்த லீயும் யாங்கும் 1957இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1935இல் லண்டனில் இவருடைய முடிவை ஆர்தர் எடிங்டன் சபை நடுவே மறுத்துப் பேசினார். 10 புள்ளிகளுக்கு: வெண்குறு விண்மீனின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டாது என்ற வரம்புக்குப் பெயர் தந்தவர், சி.வி. ராமனின் அண்ணன் மகன், யார்?"

விடை சந்திரசேகர். அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்த பிள்ளை லீ, யாங் வருவதற்கு முன்பே அழுத்திவிடும். இயற்பியலில் ஆசை உள்ள பிள்ளை எடிங்டனில் அழுத்தும். பெயரை மட்டும் கேள்விப்பட்ட பிள்ளைக்குக் கடைசி வரி. எல்லோருக்கும் இடம் உண்டு, ஆனால் ஆழமாக அறிந்தவருக்கே முதல் இடம். ஒரு கேள்வியின் நடைக்குள்ளேயே இப்படி ஒரு நியாயத்தை வைத்துத் தைக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

நியாயத்தில் கண்டிப்பும் சேர்ந்திருக்கிறது. தேசிய அளவில் பரவலான விதிப்படி, முன்பகுதியிலேயே சரியாகச் சொன்னால் 15 புள்ளி, பிறகு சொன்னால் 10. கேள்வி முடியும் முன் குறுக்கிட்டுத் தப்பாகச் சொன்னால் 5 புள்ளி பிடித்துக்கொள்வார்கள். ஆகவே அரைகுறைத் துணிச்சலுக்கு விலை உண்டு. தெரிந்தும் தயங்குவதற்கும் விலை உண்டு, அதற்குள் எதிர் மேசையில் விளக்கு எரிந்துவிடும்.

இந்தக் கேள்வியை வெல்லும் வரை கூட்டாளியிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வென்றதும் அந்த அணிக்கு மட்டும் மூன்று பகுதிகள் கொண்ட போனஸ். அதற்குத் தலைகளை ஒன்றாக வைத்துக் கிசுகிசுக்கலாம். ஒருத்தி தனியாக நின்று வாசலைத் திறக்கிறாள், திறந்த பிறகு நாலு பேரும் சேர்ந்து உள்ளே போகிறார்கள். என் மூலையிலிருந்து பார்க்க மிக அழகாக இருந்தது அதுதான். நான்கு தலைகள், ஒரு பென்சில், தலைவி வாய் திறக்கும் வரை மூச்சு விடாத அந்தச் சில நொடிகள்.

இந்தக் கேள்விகள் தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. டான் ரீட் என்பவர் உருவாக்கிய 'காலேஜ் குவிஸ் பௌல்' 1953இல் என்பிசி வானொலியில் வந்தது. 1959 முதல் 1970 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் ஆதரவில் தொலைக்காட்சியில் ஓடியது. 1966இல் ஜார்ஜியாவின் ஆக்னஸ் ஸ்காட் என்ற சின்னப் பெண்கள் கல்லூரி, பெயர்பெற்ற பிரின்ஸ்டனைக் கடைசி நொடியில் 220க்கு 215 என்று வென்றதை இன்னும் பெருமையோடு சொல்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிகளுக்கு 1961 முக்கியமான வருடம். வாஷிங்டனில் 'இட்ஸ் அகடமிக்', மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் 'ஆஸ் ஸ்கூல்ஸ் மேட்ச் விட்ஸ்' என்று வட்டாரத் தொலைக்காட்சிகளில் இரண்டு போட்டிகள் அந்த ஒரே ஆண்டில் பிறந்தன. வாஷிங்டன் நிகழ்ச்சியை மேக் மெக்கேரி என்ற ஒருவரே ஐம்பது ஆண்டுகள் நடத்தினார்.

தொலைக்காட்சிக்கு வேகம் வேண்டும், ஆகவே கேள்விகள் குட்டையாக இருந்தன. அது போதாது என்று நினைத்தவர்கள் ஆடிய பிள்ளைகள்தான். கல்லூரியில் ஆடி வளர்ந்தவர்கள் 1990களில் தாங்களே கூடி, தாங்களே கேள்வி எழுதத் தொடங்கினார்கள். நேஷனல் அகடமிக் குவிஸ் டோர்னமென்ட்ஸ் என்ற அமைப்பு 1996இல் அப்படி எழுந்தது. 1999 முதல் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியையும் அது நடத்துகிறது. நல்ல கேள்வி வேண்டும் என்ற மனக்குறை ஒரு தலைமுறையைப் பேனா எடுக்க வைத்திருக்கிறது. மனக்குறைக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் என் மனம் நின்றது தேசியப் போட்டியில் இல்லை, வட்டார லீக்கில்தான். இல்லினாயில் ஸ்காலஸ்டிக் பௌலை நடத்துவது கால்பந்தையும் கூடைப்பந்தையும் நடத்தும் அதே பள்ளிகள் சங்கம், 1900இல் தொடங்கியது. மாநில ஸ்காலஸ்டிக் பௌல் தொடர் 1987 முதல் நடக்கிறது. கால்பந்தில் எந்தெந்தப் பள்ளிகள் ஒரே கூட்டமாக மோதுகின்றனவோ, பெரும்பாலும் அதே பள்ளிகள் இதிலும் வார நாளில் பள்ளி விட்டதும் மோதுகின்றன. கூட்டத்துக்கு ஒரு சாம்பியன். பிறகு மார்ச் மாதத்தில் ரீஜனல், செக்ஷனல், மாநில இறுதி என்று படிப்படியாக ஏற்றம். சின்னப் பள்ளிகள் ஒரு பிரிவு, பெரிய பள்ளிகள் ஒரு பிரிவு. மாநிலத் தொடரில் மேசைக்கு ஐந்து பேர், ஆட்டத்துக்கு 24 கேள்விகள். இந்தத் தொடரில் குறுக்கிட்டுத் தவறினாலும் புள்ளி குறையாது. போனஸில் ஒரு அணிக்குத் தெரியாமல் போன பகுதி எதிரணிக்குப் போகும். யாரோ கோட்டைவிட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இரண்டு மேசையும் கடைசி வரை காது கொடுத்தே ஆக வேண்டும்.

அறிவுப் போட்டிக்கும் பந்து விளையாட்டுக்கும் ஒரே சங்கம், ஒரே மாதிரியான கோப்பை. அன்று அந்தப் பள்ளியின் நடைபாதையில் பார்த்தேன், கண்ணாடி அலமாரியில் மல்யுத்தக் கோப்பைக்குப் பக்கத்தில் ஸ்காலஸ்டிக் பௌல் கோப்பை நின்றது. படிப்பதும் ஊர் பெயரைக் காப்பாற்றும் வேலைதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அந்தச் சனிக்கிழமையின் நாலாவது சுற்றில் ஒரு அணி வந்தது. வெகு தூரத்தில், சோள வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்னப் பள்ளி. நாலு பேர் உட்கார வேண்டிய மேசையில் இரண்டே பேர். மற்ற இருவருக்குக் காய்ச்சல். மூன்று சுற்றும் தோற்றிருந்தார்கள். எதிரில் பெரிய புறநகர்ப் பள்ளி, ஒரே நிறச் சட்டை, பெஞ்சில் மாற்று ஆட்கள் வேறு. பத்துக் கேள்வி முடிவதற்குள் என் தாளில் ஒரு பக்கம் நிரம்பி வழிந்தது, மறுபக்கம் ஏறத்தாழ வெறுமை.

அப்போது ஒரு கேள்வி தொடங்கியது. "பிராடிரைசோபியம் ஜப்பானிகம் என்ற பாக்டீரியா இந்தப் பயிரின்..." அவ்வளவுதான். இரண்டு பேரில் ஒருத்தியின் விளக்கு எரிந்தது. குதிரைவால் போட்ட, அதுவரை வாய் திறக்காத பெண். "சோயாபீன்" என்றாள். வாசிப்பவர் நிமிர்ந்து பார்த்து, "15" என்றார். நான் எழுதினேன். எதிர் மேசையில் ஒரு பையன் தானாகக் கை தட்டினான்.

ஆட்டம் முடிந்து பொத்தான்களைத் துடைத்து வைக்கும்போது அவளிடம் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று. வீட்டில் விதைப்பு நேரத்தில் விதையோடு கலக்க ஒரு பொட்டலம் வாங்குவார்களாம். சோயா வேரில் முடிச்சுகள் உண்டாகிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதற்கான நுண்ணுயிர் உரம். அப்பா தூளைக் கலக்கும்போது பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது சின்ன வயதிலிருந்து அவள் வேலை. அந்தப் பெயர் அதன் மேல் அச்சடித்திருக்கும்.

அந்த ஆட்டத்திலும் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட அந்த ஒரு பொருளை ஆழமாக அறிந்தவள் அவள்தான் என்று அந்தக் கேள்வி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. அதே விஷயத்தை ஒரு வரியில் கேட்டிருந்தால் ஆறு பேருக்கும் பதில் தெரிந்திருக்கும், வேகமான விரல் ஒன்று வென்றிருக்கும். அவளுடைய வயலும் அப்பாவும் அந்தப் பொட்டலமும் அறைக்குள் வந்தே இருக்க மாட்டார்கள். நல்ல கேள்வி, பிள்ளை எங்கிருந்து வந்தாலும் அதன் கையிலிருப்பதை மதிக்கிறது.

காலையில் தோற்ற அணியை மதியம் வீட்டுக்கு அனுப்பிவிடாததும் இதில் எனக்குப் பிடித்தது. மே மாதக் கடைசியில் நடக்கும் தேசியப் போட்டிக்கு நாடெங்கிலும் இருந்து முந்நூறுக்கு மேல் அணிகள் வருகின்றன. ஒவ்வொரு அணிக்கும் எண் போட்ட ஒரு சீட்டு. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் சின்ன எண்ணையும் தோற்றவர் பெரிய எண்ணையும் எடுத்துக்கொண்டு அந்தச் சீட்டு காட்டும் அடுத்த அறைக்குப் போக வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. சுற்றுக்குச் சுற்று பலமானவர் பலமானவரோடும், தட்டுத் தடுமாறுகிறவர் தன்னைப் போன்றவரோடும் போய்ச் சேர்கிறார்கள். எல்லோருக்கும் அன்றைக்குள் தனக்கு ஈடான எதிராளி கிடைத்துவிடுகிறார். ஆறு ஆட்டம் வென்றவர்களுக்கு மறுநாள் கோப்பைக்கான சுற்று.

கேள்வி எப்படியோ அப்படித்தான் படிப்பும். விடையை மட்டும் கேட்டால் பிள்ளைகள் விடையை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். ஒரு மனிதர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் காரோட்டிப் போய்ப் பாடம் நடத்தினார் என்று கேட்டால், அந்த மனிதரைப் படிப்பார்கள். தங்கை மகளின் நோட்டைப் புரட்டினேன். ஓவியங்கள், மன்னர்கள், வேதிவினைகள் என்று பக்கம் பக்கமாக. பெயருக்குக் கீழே வெறும் வருடங்கள் இல்லை, கதைகள் இருந்தன. வீடு திரும்பும்போது காரின் மங்கல் வெளிச்சத்தில் அவள் ஒரு புதுப் பக்கத்தில் 'பிராடிரைசோபியம்' என்று எழுதி, பக்கத்தில் விதைப் பொட்டலம் ஒன்றை வரைந்தாள்.

அடுத்த வருடம் அவர்கள் பள்ளியிலேயே ஒரு போட்டி நடத்தப் போகிறார்கள். கேள்விகளை மாணவர்களே எழுதுகிறார்கள். அவளுக்கு வந்திருப்பது சோழர்கள்.

"கடைசி வரி ரெடி பெரியம்மா. தஞ்சாவூர் பெரிய கோயில். முதல் வரிதான் கிடைக்கல. புக்ல இருக்கிறதை எல்லாரும் படிச்சிடுவாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்களேன்."

நான் பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம். ஏரிக் கரைமேல் நடந்து பள்ளிக்கூடம் போனவள். இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரியைப் பற்றிச் சொன்னேன். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயர்தான் ஏரிக்கு. ஆயிரம் ஆண்டு எங்கள் வாயில் உருண்டு தேய்ந்து வீராணம் ஆனது. அவள் கேட்டுக்கொண்டே எழுதினாள். இரண்டு முறை எழுத்துக்கூட்டச் சொன்னாள்.

அதுதான் இப்போது அந்தக் கேள்வியின் முதல் வரி. இல்லினாயின் ஏதோ ஒரு வகுப்பறையில் அதை வாசிப்பார்கள். அநேகமாக யாரும் அந்த வரியில் அழுத்த மாட்டார்கள், காத்திருப்பார்கள். ஆனால் எந்த ஊரிலிருந்தோ வந்த ஏதோ ஒரு பிள்ளையின் விளக்கு அந்த இடத்திலேயே எரியவும் கூடும். அந்தப் பிள்ளைக்காகத்தான் முதல் வரியை எழுதுகிறார்கள்.