வடசென்னை டைரி: ‘இறந்துட்டார்’னு சொன்னாங்க... மேஜர் எழுந்து ஓடினார்!

காலை ஐந்து மணி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசைகட்டி நிற்கின்றன. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை. இன்னொரு பக்கம் டீக்கடை வெளிச்சம். நடுவில் கிடைக்கிற இடுக்கில் சிலர் ஓடுகிறார்கள். போலீஸ் வேலைக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகிற பையன்கள். சுகர் வந்தபிறகு டாக்டர் திட்டியதால் கிளம்பி வந்த அப்பாக்கள். ராணுவத்தில் ஓய்வு பெற்று, ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்த்தாலும் பழைய பழக்கத்தை விடாதவர்கள்.

இதே ஏரியாவில் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களைச் சாலையில் பார்க்க முடியாது. லாரிச் சக்கரத்தில், ரயில் தண்டவாளத்தில், மெஷினில், ஆறாத சர்க்கரைப் புண்ணில் காலை இழந்தவர்கள். பலர் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. செயற்கைக் கால் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ‘நாலு பேர் பார்ப்பாங்களே’ என்ற கூச்சம், வலியைவிடப் பெரியது.

அவர்களுக்காகவே இந்த வாரக் கதை. நடந்தது வடசென்னையில் அல்ல, எல்லையில்.

ஜூலை 15, 1999

கார்கில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். ஜம்முவின் அக்னூர் பகுதியில் எல்லைக் காவலில் இருந்தார் தேவேந்தர் பால் சிங். டோக்ரா ரெஜிமென்ட் அதிகாரி. வயது 25. மிக அருகில் வந்து விழுந்து வெடித்தது ஒரு மோர்ட்டார் குண்டு.

கள மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது, பரிசோதித்த மருத்துவர் அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார். அங்கிருந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர்தான், உடலில் உயிரின் அறிகுறி இருப்பதைக் கவனித்தார். பிழைத்தார் சிங். ஆனால், வலது காலில் அழுகல் நோய் ஏறியிருந்தது. காலை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். குடலின் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். செவித்திறன் குறைந்தது. குண்டுச் சிதறல்கள் பல இன்னமும் உடலுக்குள்ளேயே இருக்கின்றன.

‘இறந்த’ அந்த ஜூலை 15-ஐத்தான் அவர் தன் மறுபிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்.

பத்து வருஷம் கழித்து ஒரு ஓட்டம்

‘அடுத்த மாதமே எழுந்து ஓடினார்’ என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது உண்மையில்லை. மருத்துவமனை, ஊன்றுகோல், நடைப் பயிற்சி, ராணுவத்திலிருந்து ஓய்வு என்று பத்து வருடங்கள் போயின. 2009-ல் டெல்லி அரை மராத்தானில் முதன்முறையாக ஓடினார். காலில் இருந்தது நடப்பதற்காகச் செய்த சாதாரணச் செயற்கைக் கால்.

அரை மராத்தான் என்றால் 21.1 கிலோமீட்டர். நம்ம ஊர் கணக்கில், ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய், திரும்பும் வழியில் திருவொற்றியூர் வரை வந்து நிற்பது மாதிரி.

செயற்கைக் காலோடு ஓடுவதில் பெரிய தொல்லை, கால் சேரும் இடம்தான். எஞ்சிய காலை ‘சாக்கெட்’ எனும் கிண்ணத்துக்குள் நுழைத்துத்தான் மாட்டவேண்டும். ஓட ஓட உள்ளே வியர்க்கும். வியர்த்தால் வழுக்கும், உரசும். தோல் உரிந்து புண்ணாகும். நீண்ட நேரத்தில் காலின் அளவே கொஞ்சம் மாறும். அதனால் நடுவழியில் நின்று, கழற்றி, துடைத்து, உறையை மாற்றி மறுபடி மாட்டிக்கொண்டு ஓடவேண்டும். மற்றவர்களுக்குத் தண்ணீர் குடிக்க நிற்கிற இடைவெளி. இவர்களுக்கு அது ஒரு சின்ன டிரெஸ்ஸிங் ரூம்.

2011-ல் அவருக்கு ‘பிளேடு’ கிடைத்தது. கார்பன் ஃபைபரில் செய்த, வளைந்த கால். இந்த வகைக் காலை உருவாக்கிய அமெரிக்கர் வான் ஃபிலிப்ஸும், 1976-ல் தன் 21-வது வயதில் விபத்தில் ஒரு காலை இழந்தவர்தான். தரையில் அழுத்தும்போது பிளேடு வளையும். நிமிரும்போது அந்த விசையைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் குதிகால் கிடையாது. ஓடும்போது சுகம், ஒரே இடத்தில் நிற்கத்தான் கஷ்டம்.

மண் பாதை, மலைப் பாதை என்றால் கவனம் இன்னும் கூடவேண்டும். வெறுங்காலுக்குக் கல்லும் பள்ளமும் உள்ளங்காலிலேயே தெரிந்துவிடும். கணுக்கால் தானாகத் திரும்பிச் சமாளித்துக்கொள்ளும். பிளேடுக்கு அந்த உணர்ச்சி இல்லை. ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்து வைக்கவேண்டும்.

இந்தியாவின் முதல் பிளேடு ரன்னர் என்ற பெயர் மேஜருக்கு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்தார். 2019 மார்ச்சில், நாசிக்கில் விமானத்திலிருந்து தனியாகக் குதித்து ஸ்கை டைவிங்கும் செய்தார்.

கூட ஓட ஆள் வேணும்

பதக்கங்களைவிட முக்கியமான வேலையை அவர் தொடங்கியதும் அதே 2011-ல்தான். ‘தி சேலஞ்சிங் ஒன்ஸ்’ என்ற குழு. கை, கால் இழந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசுவதும், அவர்களைச் சாலைக்கும் மைதானத்துக்கும் அழைத்துவருவதும்தான் வேலை. பெயரிலேயே ஒரு வீம்பு உண்டு. நாங்கள் சவாலுக்கு ஆளானவர்கள் அல்ல, சவால் விடுகிறவர்கள் என்று அர்த்தம்.

கால் போன ஒருவரிடம் ‘தைரியமா இருங்க’ என்று இரண்டு காலோடு நிற்பவர் சொன்னால், காதில் ஏறாது. பேன்ட்டை மடித்துத் தன் செயற்கைக் காலைக் காட்டுகிற ஒருவர், ‘எனக்கும் முதல் ஆறு மாசம் இப்படித்தான் இருந்துச்சு’ என்று சொன்னால் ஏறும். எந்த உறையைப் போட்டால் புண் வராது, பஸ்ஸில் எந்தக் காலை முதலில் வைக்கணும், குழந்தைகள் உற்றுப் பார்த்தால் என்ன பதில் சொல்லணும்... இதெல்லாம் பட்டவருக்குத்தான் தெரியும்.

கும்பகோணத்துத் தம்பி

இதே பாதையில் ஓடிய தமிழர் ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்தைச் சேர்ந்த ஆனந்தன் குணசேகரன். பெங்களூருவில் இருக்கிற ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ படைப்பிரிவின் வீரர். அந்தப் படையில் வீரர்களை அழைக்கும் செல்லப்பெயரே ‘தம்பி’தான். 2008-ல் காஷ்மீரின் குப்வாராவில் கண்ணிவெடியில் சிக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார் இந்தத் தம்பி.

2019 அக்டோபரில் சீனாவின் வூஹான் நகரில் உலக ராணுவ விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. மாற்றுத்திறனாளிகள் பிரிவில் 100, 200, 400 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றார் ஆனந்தன்.

இருவருக்கும் ராணுவம் பின்னால் நின்றது. செயற்கைக் கால் மையம், பயிற்சி, சக வீரர்கள் என எல்லாம் இருந்தன. காசிமேட்டு லோடுமேனுக்கோ, மணலி காண்ட்ராக்ட் தொழிலாளிக்கோ அப்படி ஒரு படை கிடையாது. ஓடுவதற்கான பிளேடு லட்சங்களில்தான் கிடைக்கிறது. ஆனால் எழுந்து நடக்கத் தேவையான காலுக்கு வழி இருக்கிறது. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமாகவும் இலவசமாகச் செயற்கைக் கால் பெறலாம்.

கால் கிடைத்துவிடும். அதை மாட்டிக்கொண்டு வாசல் தாண்ட வைக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கும் மேல். ஆக, இது ராணுவ வீரர்களின் கதை மட்டும் இல்லை. அடுத்த தெருவில், சில நேரம் அடுத்த அறையில் இருப்பவரின் கதை.

மேஜர் சிங்குக்குக் குண்டு வெடித்ததிலிருந்து முதல் ஓட்டத்துக்குப் பத்து வருடங்கள் ஆயின. யாருக்கும் அவசரம் இல்லை. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், ‘எப்படிண்ணே இருக்கீங்க?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ‘நாளைக்குக் காலையில டீக்கடை வரைக்கும் நடந்து போலாமாண்ணே?’ என்று கேளுங்கள். அவர் மெதுவாகத்தான் வருவார். நீங்களும் மெதுவாகவே நடங்கள்.