குழந்தைகளின் மூட்டுவாதமும் தாய்மாரின் பாஷையும்

மூட்டுவாதம் முதியோருக்கே உரிய வியாதி என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். 16 வயது நிரம்பாத சிறுவர் சிறுமியரையும் அது பீடிக்கிறது. ஆறு வாரங்களுக்குக் குறையாமல் மூட்டு வீங்கியிருந்து, வேறு காரணம் எதுவும் புலப்படாவிடில், அதனைச் சிறார் மூட்டுவாதம் என்று வைத்தியர்கள் நிர்ணயிக்கிறார்கள். அதன் கொடுமையை ரத்தப் பரீட்சை மட்டும் காட்டிவிடாது. குழந்தை தானே எழுகிறதா, உடுக்கிறதா, உண்கிறதா என்று தாயைக் கேட்டே அறிய வேண்டும்.

இதற்கென 1994-ஆம் வருஷத்தில் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு வினாப் பத்திரத்தை வெளியிட்டார்கள். எட்டுப் பிரிவுகள், 30 வினாக்கள். சிரமமில்லையென்றால் 0, செய்யவே இயலாதென்றால் 3. ஜெனோவா நகரை மையமாகக் கொண்ட சர்வதேச வைத்தியர் குழு 2001-ல் இதனை 32 தேசங்களுக்கேற்பத் திருத்தி வெளியிட்டது. லாட்வியா, ஜார்ஜியா போன்ற சிறு தேசங்களும் அவற்றில் உண்டு; இந்தியா இல்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இத்தேசத்தில் தமிழைத் தாய்மொழியாக உடையோர் ஏறக்குறைய 6.9 கோடி. அந்நியர் நமக்காக எழுதித் தருவார்களென்று காத்திருப்பது நமக்கு அழகன்று.

தமிழில் பெயர்த்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. இறைச்சியைத் தானே அறுத்துக்கொள்கிறதா, காலை உணவுத் தானியத்தின் புதுப் பெட்டியைத் திறக்கிறதா, தொட்டியில் இறங்கிக் குளிக்கிறதா என்று மூலப் பத்திரம் கேட்கிறது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடும் தாய் இவற்றிற்கு என்ன பதில் சொல்லுவாள்? "பொருந்தாது" என்ற கட்டத்தில் குறியிடுவாள். அதற்கு மதிப்பெண் கிடையாது. அவள் குழந்தை சம்மணமிட்டு உட்கார முடியாமல் பந்தியில் ஒதுங்குவதும், மலஜலம் கழிக்கக் குந்த மாட்டாமல் அழுவதும், சோறு பிசைய விரல் மடங்காமல் பாட்டி ஊட்டிவிடுவதும் ஏட்டில் ஏறா. நோய் தணிந்திருப்பதாகக் கணக்கு சொல்லும், மருந்து குறையும், மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும்.

கோர்ட்டில் நாம் கண்டதுண்டு: சாட்சி தமிழில் ஒன்று சொல்ல, இங்கிலீஷ் பதிவில் வேறொன்று ஏறும், தீர்ப்பு பதிவின்மேல் எழும். அங்கே அப்பீலாவது உண்டு.

பெயர்த்ததை மற்றொருவர் மீண்டும் இங்கிலீஷாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது வழக்கம். நல்ல முறைதான். ஆயினும் "குளியல் தொட்டி" பழுதின்றிக் குளியல் தொட்டியாகவே திரும்பி வரும். வில்லியனூர்க் கிராமத்து வீட்டில் அப்படியொன்று இல்லையென்பதை அந்தச் சோதனை எப்படிக் காட்டும்? அவ்வாறே "காலை விறைப்பு" என்று அச்சிட்டால் தாய் விழிப்பாள். "தூங்கி எழுந்ததும் கை கால் பிடித்துக்கொள்கிறதா, எவ்வளவு நேரம்?" என்றால் உடனே சொல்லுவாள்.

இது செய்யக்கூடாத காரியமல்ல. வயது வந்தோருக்கான இத்தகைய பத்திரமொன்றை டெல்லி வைத்தியர்கள் 2002-ல் நம் நாட்டுக்கேற்ப அமைத்தபோது, குந்துதல், சம்மணமிடுதல், ஆட்டோவில் ஏறி இறங்குதல், காய்கறிச் சந்தைக்குச் செல்லுதல் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். குழந்தைகள் விஷயத்திலும் அவ்வழியே செல்லலாம். ஜிப்மருக்கு ராமநாதபுரத்தில் கிராம சுகாதார நிலையம் இருக்கிறது. ஊர்தோறும் அங்கன்வாடி இருக்கிறது. அச்சேற்றுமுன் வினாக்களை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள தாய்மாருக்குப் படித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதை அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும். எழுத்தறியாத பாட்டிமாரையும் விட்டுவிடலாகாது. குழந்தையைப் பகலெல்லாம் தூக்கித் திரிபவர்கள் பெரும்பாலும் அவர்களே. புதுவை சுகாதார இலாகா இதற்கென ஒரு சிறு தொகையை வரும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குமா?