தெரிந்த சொல்தான் தடுக்கிவிடும்

2013ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் பாரிஸ் நகரத்து விடுதிக்காரர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், உணவகப் பணியாளர்கள் ஆகியோருக்கு ஒரு சிறு கையேடு கொடுக்கப்பட்டது. வட்டாரச் சுற்றுலாக் குழுவும் வர்த்தக சபையும் சேர்ந்து 30,000 பிரதிகள் அச்சிட்டிருந்தன. அதன் பெயர் ‘டு யூ ஸ்பீக் தூரிஸ்த்?’ எந்த நாட்டுக்காரரை எப்படி வரவேற்க வேண்டும், அவர் மொழியில் எப்படி வணக்கம் சொல்ல வேண்டும், அவருக்கு எது பிடிக்கும் என்றெல்லாம் அதில் இருந்தது. பிரிட்டிஷ்காரருக்கு முதற்பெயர் சொல்லி அழைத்தால் பிடிக்கும், சீனர்களுக்கு ஒரு புன்னகையும் அவர்கள் மொழியில் ஒரு வணக்கமும் போதும் என்கிற மாதிரியான குறிப்புகள்.

அந்தக் கையேடு வந்ததற்குக் காரணம், பாரிஸ்காரர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்ற பழைய புகார். இந்த நகரத்தில் பல காலமாக வாழ்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் புகாரில் பாதி அநியாயமானது. ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர் வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனம், எதிரில் நிற்கும் பயணிக்குத் திமிராகத் தெரிகிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு வாக்கியம் எழுதினால், அதிலுள்ள பிழைகளைத்தான் முதலில் எண்ணுவார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை, பிழையில்லாத வாக்கியம் மனதில் உருவாகும்வரை பேசுவதில்லை. அது உருவாவதற்குள் பயணி பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் மகள், சுற்றுலாத் துறைக்கான இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். மாலை வேளைகளில் என் வீட்டு மேசைதான் அவளுக்கு விடுதி வரவேற்பு. நான் பயணி. ஒருநாள் அவள் சொன்னாள்: “அன்ரி, எங்கட வகுப்பில எல்லாருக்கும் சொல்லுத் தெரியும். ஆனா ஃபோன் அடிச்சா ஒருத்தரும் எடுக்க மாட்டினம்.”

சொல் தெரியும் என்று அவள் சொன்னது முழு உண்மை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, சில நூற்றாண்டுகள் அங்கே அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. ஆங்கிலத்தின் பயணச் சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சுக் கடனாகவே இருக்கிறது: ஹோட்டல், பாஸ்போர்ட், பேக்கேஜ், ரிசர்வேஷன், வாயேஜ். சில சொற்கள் போய்விட்டுத் திரும்பியும் வந்திருக்கின்றன. ‘டூர்’ பிரான்ஸிலிருந்து போனது. ‘டூரிஸ்ட்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. 1838இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் தன் பயண நூலின் தலைப்பில் ‘தூரிஸ்த்’ என்று போட்ட பிறகுதான் அது பிரெஞ்சு வாசகர்களிடம் நன்றாகப் பரவியது. நீஸ் நகரத்துக் கடற்கரைச் சாலைக்கு இன்றும் ‘ஆங்கிலேயர் உலாச்சாலை’ என்றுதான் பெயர். குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் 1820களில் பணம் திரட்டிப் போட்ட பாதை அது. இரண்டு மொழிகளும் இப்படி உறவாடியதால், பிரெஞ்சு பேசுகிற மாணவருக்கு ஆங்கிலப் பயணச் சொற்களின் பட்டியல் ஏற்கெனவே தெரிந்தது போலவே இருக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சில் ‘துமாந்தே’ என்றால் கேட்பது. சாதாரணமாக, பணிவாகக் கேட்பது. அதன் சாயலில் இருக்கும் ஆங்கில ‘டிமாண்ட்’ அதட்டிக் கேட்பது. என் மேசைக்கு வந்த முதல் நாளே இந்தப் பெண் அன்பாகச் சிரித்துக்கொண்டு, “ஐ டிமாண்ட் யுவர் பாஸ்போர்ட்” என்றாள். மனதில் மரியாதை இருந்தது, முகத்திலும் இருந்தது. வாக்கியத்தில் மட்டும் காவல் நிலையம் இருந்தது.

இதைவிட மோசமானது ‘எவாந்த்யுவெல்மாந்’. சூழ்நிலை இடம் கொடுத்தால், முடிந்தால் என்பது அதன் பொருள். ஆங்கில ‘இவென்ச்சுவலி’ கொஞ்சம் தாமதமானாலும் கடைசியில் நடந்தேவிடும் என்று சொல்கிறது. “உங்கள் அறையை இவென்ச்சுவலி மாற்றித் தருகிறோம்” என்று பணியாளர் சொன்னால், முடிந்தால் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். விருந்தினரோ வாக்குறுதி கிடைத்துவிட்டதாக நினைத்துக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். இரவு எட்டு மணிக்குச் சண்டை வரும். இருவரும் தாம் நேர்மையாக நடந்துகொண்டதாகவே நம்புவார்கள். அது உண்மையும்கூட.

பிரெஞ்சில் ‘கார்’ என்பது ஊர்விட்டு ஊர் போகும் பேருந்து. ‘லொகாசியோன்’ என்பது வாடகைக்கு விடுவது. கூடார முகாமில் மாலை வேளை ‘அனிமாசியோன்’ உண்டு என்றால் ஆட்டம் பாட்டம் விளையாட்டு. ஆங்கிலேயக் குழந்தைகள் அதை ‘அனிமேஷன்’ என்று கேட்டுக் கார்ட்டூன் படம் பார்க்க வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் எல்லாப் பிழையும் ஒன்றல்ல. என் வாதமே இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் ‘இன்ஃபர்மேஷன்’ என்பதைப் பன்மையாக்கி ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்பார்கள். ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். பயணிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. முகாம் இடத்தை இவர்கள் ‘காம்பிங்’ என்றும் வண்டி நிறுத்துமிடத்தை ‘பார்க்கிங்’ என்றும் சொல்வார்கள். ஆங்கிலேயர் அப்படிச் சொல்வதில்லை என்றாலும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்கள். பாடநூல்கள் இவற்றையும் ‘இவென்ச்சுவலி’யையும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில் அடுக்கிவைக்கின்றன. பயணியை ரயில் தவறவைக்கும் பிழை எது, வெறுமனே காதை உறுத்தும் பிழை எது என்று பிரித்துச் சொல்லும் புத்தகம் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். இரண்டாவது வகைக்கு மதிப்பெண் குறைப்பதை நிறுத்தினாலே பாதிப் பேர் தொலைபேசியை எடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ரயில் தவறவைக்கும் பிழை பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. பிரெஞ்சில் அழுத்தம் எப்போதும் கடைசி அசையில் விழும். அதே பழக்கத்தில் ‘தர்ட்டி’யைச் சொன்னால் அது ‘தர்ட்டீன்’ போலக் கேட்கும். பதின்மூன்றாம் நடைமேடையா, முப்பதா? பதினைந்து யூரோவா, ஐம்பதா? பிரெஞ்சில் ஹகர ஒலியும் கிடையாது. ‘ஹங்ரி’ என்று கேட்க நினைத்து ‘ஆங்ரி’ என்று கேட்டுவிடுவார்கள். பசியோடு வந்தவரிடம் கோபமா என்று விசாரித்தால் கோபம் வரத்தான் செய்யும். நாம் ‘கல்’லையும் ‘கால்’ஐயும் பிரிப்பது போலக் குறிலையும் நெடிலையும் வைத்துப் பொருள் பிரிக்கிற வழக்கமும் அந்த மொழியில் அநேகமாக இல்லை. அதனால் எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்க வேண்டிய ‘லீவ்’, எங்கே வாழ்கிறீர்கள் என்பதற்குரிய ‘லிவ்’ ஆகிவிடும். இந்த ஒன்றில் மட்டும் எங்கள் பெண் வகுப்பிலேயே முதல். வீட்டில் அம்மாவோடு பேசுகிற தமிழ் அவளுக்குக் கொடுத்த காது அது. ஆசிரியை பாராட்டியதை அவள் வந்து சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ஆங்கிலத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்க வேண்டுமா என்று இங்கே கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். 1994 மே மாதம் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கப்பாதை திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சு மொழியைக் காக்கும் துபோன் சட்டம் வந்தது. பொது நிறுவனங்கள் ஓர் அறிவிப்பை மொழிபெயர்த்தால் குறைந்தது இரண்டு வேற்று மொழிகளிலாவது மொழிபெயர்க்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பெரிய ரயில் நிலையங்களில் ஆங்கிலத்தோடு ஸ்பானியமோ ஜெர்மனோ இத்தாலியமோ கேட்பது அதனால்தான். ஆங்கிலத்துக்குக் கதவை அடைக்காமல், அது மட்டுமே உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் நல்ல ஏற்பாடு. ஆனால் 2024இல் பிரான்ஸுக்குச் சுமார் 10 கோடி வெளிநாட்டவர் வந்தார்கள். அவர்களில் ஜப்பானியரும் போலந்துக்காரரும் பிரேசில்காரரும் வரவேற்பு மேசையில் பேசுவது ஆங்கிலம்தான். அந்த ஆங்கிலம் இங்கிலாந்துக்காரருக்கு மட்டும் உரியதென்று இனிச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் கற்றுக்கொண்ட ஆங்கிலம். அங்கே எளிய வாக்கியம்தான் கைகொடுக்கும்.

இப்போது நாங்கள் பட்டியலை ஒதுக்கிவிட்டு இக்கட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அறை தயாராகவில்லை. மின்தூக்கி ஓடவில்லை. கடைசி ரயில் போய்விட்டது. பெட்டி வந்து சேரவில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம்: வருத்தம் தெரிவிப்பது, எப்போது சரியாகும் என்று சொல்வது, அதுவரை என்ன செய்யலாம் என்று சொல்வது. எண் வந்தால் வாயால் சொல்வதோடு நிற்காமல் தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.

உணவகத்துக்கும் மாடிக்கும் தனிப் பாடம் வைத்தோம். பிரெஞ்சில் ‘ஆந்த்ரே’ என்பது முதலில் வரும் சிறு உணவு. அமெரிக்கர் அதே சொல்லால் முதன்மை உணவைக் குறிப்பார்கள். முழுச் சாப்பாடு என்று நம்பிக் கேட்டவர் முன்னால் நாலு தக்காளித் துண்டு வந்து நிற்கும். மாடியும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரருக்கும் பிரிட்டிஷ்காரருக்கும் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது முதல் மாடி. அமெரிக்கருக்குத் தரைத்தளமே முதல் மாடி. ஆகவே அமெரிக்கர் வந்தால் மாடி எண்ணோடு நிறுத்தாமல், “ஒரு மாடி ஏறி இடப்பக்கம்” என்று கையைக் காட்டிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.