தேர்ந்த குடும்பத்துக்கு அரசாணை தேவை
திருமணத்தால் மட்டுமே குடும்பம் அமைவதில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் புதுச்சேரி அரசு ஏட்டளவில் விட்டுவிடக் கூடாது. பெற்றோரால் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்த அமர்வு, பால்புதுமையினர் தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பத்தையும் ஏற்றது. புதுச்சேரியின் தவளக்குப்பமும் அந்நீதிமன்றத்தின் அதிகார வரம்பில்தான் இருக்கிறது. பெற்ற வீடு கதவடைத்தபின் ஒரே வாடகை அறையில் சோற்றையும் மருந்துச் செலவையும் பகிர்ந்து வாழும் நண்பர்கள், அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டத்துக்கு முன் அந்நியர்களாக நிற்க நேர்வது அநீதி. இத்தகைய உறவுகளுக்குக் குடும்ப இணைவுப் பத்திரம் என்ற யோசனையை அதே நீதிமன்றம் 2023இலேயே முன்வைத்தது. குடும்ப அட்டையில் இணையரைச் சேர்க்க மத்திய அரசும் 2024இல் அறிவுறுத்தியது. இனியும் தாமதிக்காமல் புதுச்சேரி அரசு இதற்கான அரசாணை வெளியிட வேண்டும். அரசு மருத்துவமனைப் படிவங்கள் முதலில் திருத்தப்படட்டும்.