முடிச்சிலே மந்திரமில்லை!

பட்டம் பெற்ற இளைஞன், கணக்கிலே கெட்டிக்காரன், கணிப்பொறியைக் கையாளத் தெரிந்தவன். ஆயினும் நேர்காணலுக்குப் புறப்படும் நாளன்று மூன்று முழத் துணியொன்றின் முன்னே கைநடுங்கி நிற்கிறான்! அந்தத் துணியின் பெயர் டை. இளம்பிள்ளையிலே பட்டு நெய்து, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டி, ஊருக்கெல்லாம் உடுத்தக் கொடுத்த மண்ணின் மைந்தன், ஒரு துணித் துண்டுக்கு அஞ்சுவதா?

அஞ்சுவது அவன் குற்றமன்று. மழலை வகுப்பிலேயே அவன் கழுத்தில் டை ஏறிற்று. பங்குனி வெயிலிலும் இறங்கவில்லை. ஆனால் அது எலாஸ்டிக் வைத்துத் தைத்த டை! முடிச்சு கடையிலேயே போடப்பட்டுவிட்டது. மாட்டத் தெரிந்தால் போதும். கட்டத் தெரிய வேண்டியதில்லை. பாடமும் அவனுக்கு அவ்வாறே தரப்பட்டது. விடை முன்கூட்டியே முடியப்பட்டது. அவன் வேலை அதை மாட்டிக்கொள்வது மட்டுமே! தர வரிசைப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. ஆனால் மனப்பாடத்தை மதியென்று விற்கும் வாணிகம் நின்றதா? ஆசிரியப் பணியாற்றும் நாம் வெட்கத்தோடு கேட்கும் கேள்வி இது.

டை என்ன, தெய்வம் தந்த திருநூலா? பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னனிடம் பணிபுரிந்த குரோவேசியப் படைவீரர்களின் கழுத்துத் துணியிலிருந்து வளர்ந்தது அது. 1920-களில் நியூயார்க்கைச் சேர்ந்த லாங்ஸ்டார்ஃப் என்பவர், துணியைச் சாய்வாக வெட்டித் தைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்று இன்றைய வடிவைத் தந்தார். 1999-இல் கேம்பிரிட்ஜ் அறிவியலாளர் இருவர், டையை 85 வகையாக முடியலாம் எனக் கணக்கிட்டுக் காட்டினர். மனிதன் ஆக்கியது, மனிதன் மாற்றியது, மனிதன் கழற்றவும் செய்தான். 2005-இல் ஜப்பான் அரசு, கோடையில் டை வேண்டாமென்று தன் அலுவலர்களிடம் சொன்னது. 2007-இல் பிரிட்டன், நோய் பரவக்கூடுமென்று அரசு மருத்துவமனை மருத்துவர்களின் டையை அகற்றச் சொன்னது. அங்கே அறிவு ஆள்கிறது. இங்கே அச்சம் ஆள்கிறது!

"அப்படியானால் உழவன் மகனுக்கு டை எதற்கு? வேட்டி போதாதா?" என்று நகைப்போர் உண்டு. அந்தக் குரலை நாம் அறிவோம். அது பழைய குரல். தோளை மறைக்கும் உரிமைக்குத் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் போராடி, 1859-இல்தான் மன்னனின் ஆணையைப் பெற்றனர். 1930-இல் இராமநாதபுரத்துச் சாதி ஆதிக்கம், ஆதிதிராவிடர் சட்டையும் கோட்டும் பனியனும் அணியலாகாது என்று கட்டளையிட்டது. அண்ணல் அம்பேத்கர் சிலையெங்கும் கோட்டும் டையுமாக நிற்பதன் பொருள் இப்போது விளங்குகிறதா? இன்னொரு புறமும் பாருங்கள். 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதிக்கே சென்னைக் கிரிக்கெட் மன்றம் ஒன்று கதவை மூடிற்று. அதைத் தடுக்கத் தமிழகம் அவ்வாண்டே சட்டம் இயற்ற நேர்ந்தது! வேட்டியை விரட்டுவோனும், டையைத் தடுப்போனும் ஒரே நோயின் இரு முகங்கள். உடையை வைத்து மனிதனை அளப்பதே அந்நோய்.

மருந்து எளிது. டையைக் கழுத்தைச் சுற்றிப் போடுங்கள். அகன்ற முனை வலப்புறம், குறுகிய முனையைவிட ஓரடி நீண்டு தொங்கட்டும். அகன்றதைக் குறுகியதன் மேலே குறுக்காகக் கொண்டு சென்று, பின்புறமாகத் திருப்பி, மீண்டும் முன்புறமாகச் சுற்றுங்கள். பின், கழுத்து வளையத்தின் கீழிருந்து மேலே எடுத்து, முன்னே உண்டான சுற்றுக்குள் நுழைத்துக் கீழே இழுங்கள். குறுகிய முனையைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலேற்றுங்கள். நுனி இடைவார் வரை வந்தால் சரி. இவ்வளவுதான்! ஐந்து நிமிடக் கல்வி. இதற்கா இத்தனை நடுக்கம்?

தோழர்களே! படிப்பகந்தோறும் ஒரு டையை வாங்கி வையுங்கள். மாலை வேளையில் ஊர் இளைஞரை, பெண்களையும் சேர்த்து, அழைத்துக் கட்டக் கற்றுக் கொடுங்கள். தேவைப்பட்டால் கட்டட்டும், வேண்டாமென்றால் கழற்றி எறியட்டும். ஆனால் தெரியாமையால் தலைகுனிய வேண்டாம். கட்டத் தெரிந்தவனுக்கே அவிழ்க்கவும் தெரியும்!